நிலமில்லாத இன்ஜின்காரர் குடும்பத்தின் வேரை எந்தத் தாளில் தேடுவது?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா டிராக்டர் ஓட்டினார். தாத்தா கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை தாலுகாவில் ஒரு நெல் மில்லில் இன்ஜின் பார்த்தார். பூட்டனைப் பற்றி, கொல்லப்பட்டறையில் கலப்பைக் கொழு அடித்தவர் என்ற ஒரே வரிதான் மிச்சம். சொந்த நிலம் எந்தத் தலைமுறையிலும் இல்லை, அதனால் வீட்டில் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. "ஆவணமே இல்லாத குடும்பத்துக்கு வரலாறு எழுத முடியுமா, எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இருக்கும் கேள்வி இன்னும் கூர்மையானது. மனிதர்களை நிலத்தோடு சேர்த்தே எழுதிவைத்த நாட்டில், நிலமில்லாதவர் பெயர் எந்தத் தாளில் இருக்கும்?

அடுத்தவர் தாளில் இருக்கும். மில் முதலாளியின் பதிவேட்டில், பக்கத்து வயல்காரரின் பத்திரத்தில், சபைப் புத்தகத்தில், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில், கோவில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வரி பிரித்த நோட்டில், தொழிலாளர் துறைக் கோப்பில் என்று சிதறிக் கிடக்கும். ஆகவே தாத்தாவின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினால் பயன் குறைவு. அவர் எந்த யந்திரத்தை, யாருடைய இடத்தில், எந்த ஆண்டுகளில் பார்த்தார் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். யந்திரத்துக்கு உரிமையாளர் உண்டு, உரிமையாளருக்குக் காகிதம் உண்டு, அந்தக் காகிதத்தில் உங்கள் ஆளின் பெயர் வர வாய்ப்பு உண்டு.

தொடக்கம் வீட்டில்தான். நீங்கள் "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தகைய வீடுகளில் பெட்டிக்குள் காகிதம் இருக்காது, பரணில் சாமான் இருக்கும். பழைய ஸ்பானர், சுத்தியல், பைப் ரிஞ்ச் எதையும் பழைய இரும்புக்குப் போடும் முன் துடைத்துப் பாருங்கள். ஒரே பட்டறையில் பலர் வேலை பார்த்ததால் எழுத்து அடிக்கும் இரும்பு 'பஞ்ச்' கொண்டு தன் இனிஷியலைப் பொறித்துவைக்கும் வழக்கம் உண்டு. டிராக்டர் ஓட்டியவர் வீட்டில் கட்டாயம் தேட வேண்டியது மணிக்கணக்கு நோட்டு. யார் வயல், எத்தனை மணி உழவு, எவ்வளவு பாக்கி என்று எழுதியது. அதில் வயல்காரர் பெயரும் வயலின் பெயரும் சேர்ந்து வரும். கன்னிப்பூ உழவா, கும்பப்பூ உழவா (இங்கத்திய இரண்டு நெற்போகங்கள்) என்பது தெரிந்தால் ஆண்டு எழுதாத பக்கத்துக்கும் மாதம் கிடைத்துவிடும். டீசல் பட்ட தாள் கண்ணாடிபோல் ஆகி, பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரியும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, சன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படம் எடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். ஒட்டிய பசை சில ஆண்டுகளில் எழுத்தோடு தாளையும் பழுப்பாக்கித் தின்றுவிடும், லேமினேட் செய்ததைத் திரும்பப் பிரிக்க வழியில்லை.

அடுத்தது முதியவர்களிடம் கேட்பது. இதில் பலரும் செய்யும் தவறு, "எந்த வருஷம்?" என்று கேட்பது. வருஷம் யாருக்கும் நினைவிருக்காது, நிகழ்ச்சி நினைவிருக்கும். "மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது தாத்தா மில்லில் இருந்தாரா?" என்று கேளுங்கள், அது 1954 ஆகஸ்ட். "ஜில்லா மெட்ராஸோடு சேர்ந்தபோது?" 1956 நவம்பர் 1. "காமராஜர் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்றபோது?" 1969 ஜனவரி. "விவேகானந்தர் பாறை மண்டபம் திறந்தபோது?" 1970. "முதல் ரயில் நாகர்கோவிலுக்கு வந்தபோது?" 1979. "பெருவெள்ளம் வந்த ஐப்பசியில்?" 1992 நவம்பர். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே அவரை நிறுத்திவிட்டால் தேட வேண்டிய ஆண்டுகள் பத்துக்குள் சுருங்கும். ஆண்களிடம் மட்டும் கேட்காதீர்கள். நெல்லை அவித்துக் களத்தில் காயப்போட்ட பெண்கள்தான் மில்லின் உள் நடப்பை முழுதாக அறிந்தவர்கள். யார் டிரைவர், யார் ஹெல்பர், யாருக்கு பெல்ட்டில் கை போனது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

ரயிலைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய சபைப் பதிவேட்டிலோ பத்திரத்திலோ "இன்ஜின் டிரைவர்" என்று தொழில் எழுதியிருந்தால், ரயில்வேயில் வேலை பார்த்தார் என்று பேரப்பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். 1979 வரை இந்த மாவட்டத்துக்குள் ரயில் பாதையே கிடையாது. ஆகவே உள்ளூர்க்காரருக்கு அதற்கு முன் எழுதப்பட்ட "இன்ஜின் டிரைவர்" என்பது, அவர் வெளியூரில் வேலை பார்த்ததற்குத் தனிச் சான்று இல்லாதவரை, மில் இன்ஜினையோ இறைப்பு இன்ஜினையோ குறிப்பதாகவே கொள்ளலாம். வெறும் "டிரைவர்" என்று இருந்தாலும் வண்டி ஓட்டியவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் கைப்பிடி சுற்றி ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜினைக் கிளப்பி, குளிர்ப்புத் தொட்டியில் தண்ணீர் பார்த்து, ஷாஃப்டிலிருந்து ஹல்லருக்கு (நெல்லை அரிசியாக்கும் யந்திரத்துக்கு) போகும் பெல்ட்டை மாட்டிக் கழற்றுகிறவரும் அன்றைய பேச்சில் டிரைவர்தான். "பிட்டர்", "மேஸ்திரி", "ஆபரேட்டர்" என்ற சொற்களும் இப்படித்தான் ஆளுக்கு ஆள் பொருள் மாறும். தொழிற்பெயரை எழுதியிருப்பது எழுதியிருப்பதுபோலவே படியெடுத்துவிட்டு, உங்கள் பொருளைத் தனியே குறியுங்கள்.

இனி ஆண்டுக் கணக்கு. குமரியில் தேடுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். 1956 வரை இது திருவிதாங்கூர் (கடைசியில் திருவிதாங்கூர்–கொச்சி) என்பதால் தாள்களில் கொல்லம் ஆண்டு இருக்கும், அதையே மலையாள ஆண்டு என்றும் சொல்வார்கள். அது ஆவணி மாதத்தில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை உள்ள தேதிக்கு 824ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825ஐக் கூட்டுங்கள். 1115 ஐப்பசி என்றால் 1939, 1115 மாசி என்றால் 1940. மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டில் பாதி பாதியாக விழும். மாநிலம் மாறிய பின் வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு வருகிறது. அது ஜூலை 1இல் தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐயும் கூட்ட வேண்டும். ஆகவே 1956 நவம்பர் என்பது ஒரு தாளில் 1132 என்றும் மற்றொன்றில் 1366 என்றும் இருக்கலாம், இரண்டும் சரி. தேதி தமிழ் எண்ணில் இருந்தால் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௱௰௫ என்பது 1115. ௧ என்ற ஒன்றை எழுத்துக் "க" என்று படித்து, பெயரின் முன் இனிஷியலாக ஒட்டவைத்த குடும்ப மரங்களும் உண்டு, கவனம்.

மொழியும் அப்படியே. நாஞ்சில் நாட்டுத் தாள்கள், அதாவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தவை, பெரும்பாலும் தமிழில் இருக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கம் போகப்போக மலையாளம் கூடும். சர்க்கார் தாள் என்றால் தமிழ் ஊரிலும் மலையாளத்தில் இருக்கலாம். மலையாளம் படிக்கத் தெரிந்த, பழைய பத்திரம் எழுதிப் பழகிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். புதிதாக மலையாளம் படித்தவருக்குப் பழைய கூட்டெழுத்து விளங்காது. கிராமத்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் காலத்து "பகுதி" எது என்றும் தெரிய வேண்டும். திருவிதாங்கூரில் வருவாய்க் கிராமத்தைப் பகுதி என்றுதான் எழுதினார்கள். இப்போதைய தாலுகா எல்லைகளையும் நம்பிவிட வேண்டாம். நெடுங்காலம் நான்கே தாலுகாக்கள், திருவட்டாறும் கிள்ளியூரும் அண்மையில் பிரிந்தவை.

சமயப் பதிவேடுகள்தான் நிலமில்லாதவர்களுக்குக் கிடைக்கும் மிக நம்பகமான தாள். மயிலாடியில் 1806இல் லண்டன் மிஷன் பணி தொடங்கியதால், சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் பழைய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் சில இடங்களில் நன்றாகவே நிற்கின்றன. விவாகப் பதிவை முதலில் எடுங்கள். மணமக்கள் இருவரின் அப்பா பெயரும், ஊரும், பல இடங்களில் தொழிலும் ஒரே வரியில் கிடைக்கும். அந்த வரியிலிருந்து இருபது இருபத்தைந்து ஆண்டு பின்னே போய் ஞானஸ்நானப் பதிவு, அங்கிருந்து பெற்றோரின் விவாகப் பதிவு என்று படி இறங்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பமானால் பதிவேடு பங்கிலேயே இருக்கும். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது, குழித்துறை 2014இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்தது. மறைமாவட்ட அளவிலான கடிதங்களைத் தேடும்போது இந்த வரிசை உதவும். லண்டன் மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோயாஸ் (SOAS) என்னும் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியின் நூலகத்தில் உள்ளன. அவற்றில் ஊழியர் பெயர்கள் வரும், சாதாரண சபையார் பெயர் அரிது. அங்கே பணம் செலவழிக்கும் முன் உள்ளூர்ப் பதிவேட்டை முடித்துவிடுங்கள். பதிவேட்டைப் பார்க்கக் கேட்கும்போது ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ பெயர், தோராய ஆண்டு, வீட்டுப்பெயர் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். "எங்க தாத்தா பெயர் இருக்கா" என்று போய் நின்றால் அவருக்கும் தேட வழி தெரியாது.

இந்துக் குடும்பமானால் இதற்கு நிகரான பதிவேடு இல்லை. குலதெய்வக் கோவில் உண்டு. பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோவிலுக்குப் போகிறீர்கள், எந்த அம்மன் கோவில் கொடைக்கு வரி கொடுக்கிறீர்கள் என்பதே பாதி வரலாறு. வரி நோட்டில் தலைக்கட்டு வாரியாகப் பெயர் இருக்கும். ஒருவர் இறந்து மகன் பெயர் ஏறிய ஆண்டும், வெளியூர் போனவர் பெயர் நின்ற ஆண்டும் அதில் தெரியும். நோட்டு பழைய நிர்வாகியின் வீட்டில்தான் இருக்கும், கோவிலில் தேடாதீர்கள். இஸ்லாமியக் குடும்பமானால் ஜமாத்தின் நிக்காஹ் புத்தகம்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை விட்டுவிடாதீர்கள். அப்பா படித்த பள்ளியில் அவர் சேர்ந்த பக்கத்தில் தாத்தாவின் பெயர், ஊர், பல பதிவேடுகளில் தொழிலும் இருக்கும். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு முதலில் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். பழைய ஆண்டுகளுக்கு அவரே தாலுகா அலுவலகத்தையோ சார்பதிவாளர் அலுவலகத்தையோ காட்டுவார். இன்றைய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது, அதற்கு முன் பிறந்த கூலிக்காரர் பிள்ளைக்குப் பதிவு இல்லாமல் இருப்பது சாதாரணம். இறப்புப் பதிவு கிடைக்க வாய்ப்பு கூடுதல். ஒருவர் இறந்தபின் தாலுகாவில் வாங்கிய வாரிசுச் சான்று இருந்தால் அதில் மனைவி, மக்கள் வயதோடு இருப்பார்கள். ஒன்று மட்டும் வீண்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வெளிநாட்டு வம்ச வரலாறுகளைப் பார்த்துவிட்டு அதைக் கேட்கிறார்கள். இங்கே வீட்டு வாரியாக எழுதிய படிவங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி யாருக்கும் காட்டப்படுவதில்லை.

இனி யந்திரத்தின் தாள்கள். மில்லில் மின்சாரம் அல்லது இன்ஜின் வைத்துப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்திருந்தால் அது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்திருக்கும். அப்போது தொழிலாளர் பதிவேடு, விபத்துப் பதிவேடு இரண்டும் வைத்தாக வேண்டியிருந்தது. சிறிய ஹல்லர் மில்லில் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள், அங்கே அந்தப் பதிவேட்டை எதிர்பார்க்க வேண்டாம். சம்பள நோட்டு இருந்தால் பாக்கியம். மூடிய மில்லின் வாரிசுகளைப் போய்ப் பாருங்கள். "மில் கணக்கு" என்று கேட்டால் வரித் தகராறோ என்று பயந்து இல்லை என்பார்கள், "தாத்தா இருக்கிற போட்டோ ஏதாவது உண்டா" என்று தொடங்கினால் நோட்டும் தானாக வரும். புழுங்கல் அரிசிக்கு நீராவி வைத்த பெரிய மில்லானால் பாய்லர் உண்டு. பாய்லரைக் கையாள அரசுச் சான்றிதழ் பெற்ற அட்டெண்டெண்ட் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் வீட்டில் கிடைத்தால் பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் கைக்கு வரும். வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. எண் எழுதிய துண்டுச் சீட்டையும் எறியாதீர்கள், அந்த எண் நிறுவனத்தின் குறியீட்டோடு சேர்ந்தது. எந்த மில் என்பதில் சந்தேகம் இருந்தால் அதுவே தீர்த்துவைக்கும்.

விபத்து நடந்திருந்தால் ஒரு தனி வழி இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, டிராக்டர் கொண்டோ வேறு யந்திர விசையாலோ மின்சாரத்தாலோ நடக்கும் விவசாய வேலையில் இருப்பவரையும் தொழிலாளியாகச் சேர்த்திருந்தது. மாட்டு ஏர் ஓட்டியவருக்கு இல்லாத இந்த இடம் டிராக்டர் ஓட்டியவருக்கு இருந்தது. அப்படி இழப்பீடு கோரிய கோப்பில் சம்பளம், வயது, வேலை செய்த காலம், முதலாளி பெயர், சார்ந்திருந்த குடும்பத்தார் பட்டியல் எல்லாம் இருக்கும். வேதனையான தாள்தான், ஆனாலும் அவர் வாழ்க்கையை இதைவிட விரிவாக எழுதிய தாள் வேறு இருக்காது. கோப்பைக் கேட்க வேண்டிய இடம் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம். வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரையோ புல்டோசரையோ ஓட்டியவரானால் பணிப்பதிவேடு இருந்திருக்கும். அதன் முதல் பக்கத்தில் அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி, அங்க அடையாளம் வரை உண்டு. பொதுப்பணித் துறையில் கோதையாறு பாசனக் கால்வாய்களில் லஸ்கராக (தண்ணீர் திறந்துவிடும் ஊழியராக) இருந்தவருக்கும் இதுவே. கல்குளம், விளவங்கோடு மலையோரத்தில் ரப்பர் தோட்டங்களில் ரோலர் பார்த்தவர்களுக்குத் தோட்டத்தின் மஸ்டர் ரோல் (ஆள் வருகைப் பதிவேடு). அரசு ரப்பர் கழகம் 1984இல்தான் உருவானது, அதற்கு முந்தைய வேலைக்கு வனத்துறையின் தாள் என்பதை நினைவில் வையுங்கள்.

பம்ப்செட்டும் டிராக்டரும் பெரும்பாலும் கடனில் வந்தவை. நிலவள வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நிலத்தை அடமானம் வைத்து வாங்கியிருப்பார்கள். அந்த அடமானம் நிலக்காரரின் வில்லங்கச் சான்றில் தேதியோடு நிற்கும். "தாத்தா இன்னார் வயலில் புது இன்ஜின் வந்தபோது வேலைக்குச் சேர்ந்தார்" என்று வீட்டில் சொல்வார்களானால், அந்த வயலின் வில்லங்கத்தைப் போட்டுப் பாருங்கள், சேர்ந்த ஆண்டு ஏறக்குறைய தெரிந்துவிடும். இணையத்தில் வில்லங்கம் பொதுவாக 1975இலிருந்துதான். அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் கையால் தேட மனுப் போட வேண்டும். மனுவில் பழைய சர்வே எண்ணும் மறு அளவைக்குப் பிந்தைய எண்ணும் இரண்டும் எழுதுங்கள். புது எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் "வில்லங்கம் இல்லை" என்று சான்று வரும், பத்திரமே இல்லை என்று ஏமாந்துபோவீர்கள்.

பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு உங்களுக்குப் பெரிய துணை. அசையாச் சொத்துப் பத்திரங்கள் படியெடுத்திருக்கும் முதல் புத்தகத்தையும் அதன் பெயர் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் புத்தகத்தின் நகல், எழுதியவர் இறந்த பின்னரே மற்றவர்க்குக் கிடைக்கும். மில் இருந்த நிலத்தின் பத்திரங்களையும், தாத்தா குடியிருந்த விளையின் (தோட்டநிலத்தின்) பத்திரங்களையும் எடுத்து மூன்று இடங்களைப் படியுங்கள். ஒன்று, சாட்சிக் கையெழுத்து. நம்பிக்கையான மில் டிரைவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது இயல்பு, சாட்சியின் அப்பா பெயரும் ஊரும் எழுதியிருக்கும். இரண்டு, நான்கெல்லை: "இன்னார் குடியிருக்கும் புரையிடத்துக்கு மேற்கு" (புரையிடம் என்றால் வீட்டுமனை) என்று நிலமில்லாதவர் பெயர் எல்லையாக வரும். மூன்று, ஒற்றி (அனுபவ அடமானம்), பாட்டம் (குத்தகை) பற்றிய வரிகள். பெயர் அட்டவணையில் எழுதிக்கொடுத்தவரும் வாங்கியவரும்தான் இருப்பார்கள், சாட்சியும் எல்லைக்காரரும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் "எங்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். முழுப் பத்திரத்தையும் படித்தவர்கள் அப்படிச் சொல்வது குறைவு. இதோடு 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புதாரர் சட்டத்தையும் பாருங்கள். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம் அது. உங்கள் வீடு இருக்கும் மனை அந்த வகையில் கிடைத்ததானால், தாலுகா கோப்பில் தாத்தாவின் பெயரோடு நிலக்காரரின் பெயரும் இருக்கும்.

படங்களுக்கு ஆண்டு போட யந்திரமே சாட்சி. அப்பா நிற்பது இந்தியாவில் தயாரித்த ஈச்சர் டிராக்டர் பக்கத்தில் என்றால் படம் 1959க்கு முந்தியதாக இருக்க முடியாது. சென்னையில் டாஃபே தயாரித்த மாஸி பெர்குசன் என்றால் 1960க்குப் பிந்தியது. எச்.எம்.டி. என்றால் 1970களிலிருந்து. காம்கோ பவர் டில்லர் என்றால், அந்தக் கேரள நிறுவனம் தொடங்கிய 1973க்குப் பிறகு. எண்பலகை டிஎன் 74 என்று தொடங்கினால் 1989க்குப் பிந்தியது. இவையெல்லாம் கீழ் எல்லைதான். யந்திரம் இருபது ஆண்டு பழையதாகவும் இருக்கலாம், ஆகவே "இதற்கு முன் இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். பழைய இன்ஜின் எங்காவது துருப்பிடித்துக் கிடந்தால் அதன் தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பொறித்த எண் ஆழமில்லாதது, போய்விடும். துணியால் துடைத்து, சுண்ணாம்புப் பொடியை இலேசாகத் தடவி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எண்ணும் குதிரைத்திறனும் எழும்பித் தெரியும்.

பெயர்ச் சிக்கல் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இங்கே ஒருவருக்கு வீட்டுப்பெயர் ஒன்று, ஞானஸ்நானத்திலோ பள்ளியிலோ வைத்த பெயர் ஒன்று, மில்லில் கூப்பிடும் பட்டப்பெயர் ஒன்று. ஆளை அடையாளம் காட்டுவது விளை, வீடு, புரை என்று முடியும் வீட்டுப்பெயர்தான். ஆனால் வீடு மாறினால் அதுவும் மாறும், மனைவி வீட்டில் குடியேறியவருக்கு மனைவியின் வீட்டுப்பெயர் ஒட்டிக்கொள்ளும். முதலாளி குடும்பம் நாஞ்சில் வேளாளர் என்றால் இன்னொரு முடிச்சு உண்டு. 1926 வரை அவர்களிடம் மருமக்கள் வழிச் சொத்துரிமை இருந்ததால், மில்லோ நிலமோ மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது அக்கா தங்கை மகனுக்குப் போயிருக்கும். தாத்தாவின் முதலாளியுடைய மகன் வழியில் காகிதம் இல்லையென்றால் அக்கா, தங்கை வழியில் தேடுங்கள்.

கிடைத்ததையெல்லாம் ஒரே தரத்தில் வைக்காதீர்கள். நிகழ்ச்சி நடந்த நாளிலேயே, அதில் ஆதாயமில்லாதவர் எழுதியது உறுதி: விவாகப் பதிவு, அடக்கப் பதிவு, பத்திரத்தின் தேதி, அடமானப் பதிவு. பத்திரத்தில் வயது தோராயம், 30, 35, 40 என்று உருண்டையாக வந்தால் முன்னும் பின்னும் ஐந்தாண்டு விட்டுவையுங்கள். பள்ளியில் எழுதிய பிறந்த தேதி மே, ஜூன் மாதத்தில் விழுந்தால், சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட தேதியாக இருக்க வாய்ப்புண்டு. "பேச்சிப்பாறை அணை கட்டியபோது எங்கள் பூட்டன் அங்கே யந்திரம் பார்த்தார்" என்பது போன்ற வீட்டு நினைவை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் தனி நிறத்தில். அந்த அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. உங்கள் பூட்டன் பிறந்த காலத்தோடு அது பொருந்துகிறதா என்று கழித்துப் பாருங்கள், பல சமயம் ஒரு தலைமுறை தள்ளிப்போகும். அது அவருடைய அப்பாவாக இருந்திருக்கலாம். அல்லது 1950களில் வந்த பெருஞ்சாணி அணையாக இருந்து, பெயர் மாறி நினைவில் நின்றிருக்கலாம்.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்தவக் குடும்பமானால் ஐந்து, ஆறு தலைமுறை வரை பெயரோடு போவது நடக்கக்கூடியது. பதிவேடு இல்லாத இந்துக் கூலிக் குடும்பமானால் நான்காம் தலைமுறைக்கு மேல் தாள் கிடைப்பது அரிது. பட்டறைத் தொழில் செய்தவர்களுக்குக் கோவில் தேர்ப்பணி, வீட்டுப்பணிக் கணக்கில் எங்காவது பெயர் வந்தால் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்தில் தென் திருவிதாங்கூர் வருவாய்க் கோப்புகளும் ஓலைகளும் ஏராளம். ஆனால் அங்கே தனி ஆள் பெயருக்கு அட்டவணை கிடையாது. பகுதி, ஆண்டு, துறை மூன்றும் தெரியாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். 1956க்குப் பிந்தியதற்குச் சென்னை எழும்பூர்க் காப்பகம். இரண்டும் கடைசிப் படி.

முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும்: பரணைத் தேடுவது, மூன்று முதியவர்களைக் கேட்பது, அப்பாவின் பள்ளிச் சேர்க்கைப் பக்கம், தாத்தாவின் விவாகப் பதிவு அல்லது கோவில் வரி நோட்டு, மில் நிலத்தின் முழுப் பத்திர நகல் ஒன்று. முதியவர்களை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள், காகிதம் இன்னும் ஓராண்டு காத்திருக்கும். தாத்தா வேலை பார்த்த மில் எந்தப் பகுதியில் இருந்தது, குடும்பம் எந்தச் சமயம், வீட்டில் நினைவிருக்கும் மிகப் பழைய வீட்டுப்பெயர் எப்படி முடிகிறது என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள், ஆட்களின் பெயர் வேண்டாம். எந்த அலுவலகத்தில் எந்தப் புத்தகத்தை முதலில் கேட்பது என்று அதை வைத்துச் சொல்ல முடியும்.